அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஆஸ்பத்திரிதான் வருகிறது

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

அம்மா தவறி வருகிற கார்த்திகையோடு ஒரு வருஷம் ஆகிறது. வயது 83. ‘பேரன் பேத்தி எடுத்து நிறைஞ்சு வாழ்ந்த உசுரு, கல்யாணச் சாவு’ என்றுதான் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம். அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில், பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டு, ராத்திரி ஏழு மணிக்குப் பீடி சுற்றுகிற பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவாள். அதோடு நிற்கவில்லை. கோயில் கொடைக்கு வில்லடிக்க வருகிற அண்ணாவியிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, ஐந்து பெண்களைச் சேர்த்து ஒரு வில்லுப்பாட்டுக் குழு. கதையும் பாட்டும் அம்மாவே கட்டுவாள். இயக்கம் ஓய்ந்த பிறகும் கண் முகாமுக்கு ஆள் கூட்டிப் போவது, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுப்பது, திண்ணையில் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டுச் சொல்லிக் கொடுப்பது என்று எழுபத்தைந்து வயதுவரை ஓடினாள்.

முதல் வருஷத் திதிக்கு நினைவு மலர் போட வேண்டும் என்கிறான் அண்ணன். ‘நீதான் தமிழ் படிச்சவ, நீ எழுது’ என்று பொறுப்பு என் தலையில். இரண்டு மாதமாக நோட்டை விரித்துவைத்து உட்காருகிறேன். கடைசி நாலு மாதம்தான் வருகிறது. மூக்கில் குழாய், முதுகுப் புண், ராத்திரி இரண்டு மணிக்கு இருமல். மீதி எழுபது எண்பது வருஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. ‘அன்பே உருவானவர்’ என்று ஒரு வரி எழுதினேன். எனக்கே பிடிக்காமல் அடித்துவிட்டேன்.

அண்ணன் சென்னையிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். சான்றிதழ், கேடயம், பெரிய மனிதர்களோடு எடுத்த படம். அக்கா, ‘சீக்கு, ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை வரக்கூடாது’ என்கிறாள். அப்பாவுக்கு 88. காது மந்தம். கேட்டால், ‘அதையெல்லாம் இப்ப எதுக்குட்டி கிண்டுத?’ என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று. 1992-இல் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததே, அதற்கடுத்த மார்ச்சில் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அம்மா வீட்டில் இல்லை. பக்கத்து ஊரில் வில்லுப்பாட்டு. அக்கா போட்ட சோறு ஆறிப்போய்க் கிடந்தது. ஊருக்கெல்லாம் அம்மாவாக இருந்தவள் எனக்கு அன்றைக்கு இல்லையே என்கிற கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. செத்தவளைக் கோபிக்கிறோமே என்று அதற்கு மேல் குற்றவுணர்ச்சி.

பீரோ மேல் பிஸ்கட் டப்பாவில் பதினொரு கேசட் இருக்கிறது. அம்மா ஒத்திகை பார்க்கும்போது பதிவு செய்தது. அதைப் போட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது. எனக்கு மனதில் ஏதும் கோளாறா? இந்த மலரை எப்படித்தான் எழுதுவது?

— முக்கூடல் பக்கத்து வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு இல்லை. நாலு மாதம் நீங்கள் நோயாளியின் பக்கத்தில் கண்விழித்திருக்கிறீர்கள். இருமல் மாறினால், மூச்சு மாறினால் உடனே எழுந்திருக்க வேண்டிய காவல் வேலை அது. அச்சமும் தூக்கமின்மையும் சேர்ந்த இரவுகளில் பார்த்ததை மூளை ஆழமாகப் பதித்துவைக்கும். தேவைப்படும்போது சட்டென்று எடுக்க வேண்டும் என்பதற்காக வாசலிலேயே வைத்துக்கொள்ளும். 80 வருஷ நினைவு அழிந்துபோகவில்லை. வாசலை ஆஸ்பத்திரிக் கட்டில் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அதைத் தள்ளப் பார்க்காதீர்கள். தள்ளத் தள்ள அதிகம் வரும். ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் வந்தால் குழாய், புண் வந்தால் புண். தேதி போட்டு மூன்று வரி எழுதி மூடிவிடுங்கள். மலருக்கான நோட்டு வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதப் போனதுதான் இந்த இரண்டு மாதச் சிக்கலில் பாதி.

கார்த்திகை நெருங்க நெருங்க இந்தப் படங்கள் கூடும். போன வருஷம் இதே பனி, இதே தீபம் என்று உடம்பு கணக்கு வைத்திருக்கும். திதிக்கு முன்னும் பின்னும் சில வாரம் இப்படி இருப்பது வழக்கம்தான். எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. நீடித்த துயரம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பன்னிரண்டு மாதத்தையும் குறைந்தபட்ச எல்லையாக வைக்கின்றன. காலம் மட்டும் போதாது. அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி ஏக்கத்திலேயே போவது, அவர் போய்விட்டதை நம்ப முடியாமல் இருப்பது, வேலையும் சமையலும் மனிதர்களும் கைவிட்டுப் போவது, நாமும் போய்விட்டால் என்ன என்று தோன்றுவது. இவை இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் இவை தெரியவில்லை. ‘அன்பே உருவானவர்’ என்ற வரியை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனம் விழிப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வரி ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனம் கனத்திருக்கும்போது நினைவு பொத்தாம்பொதுவாகிவிடும். ‘எப்பவும் ஓடிக்கிட்டே இருப்பா’, ‘எல்லாருக்கும் செய்வா’ என்றுதான் வரும். ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை வராது. ஆகவே முதலில் எழுத உட்காராதீர்கள். சேகரியுங்கள். அதற்கு மூன்று வாரம். எழுத இரண்டு வாரம் போதும்.

பொருளில் தொடங்குங்கள். வீட்டைச் சுற்றி வந்து, அம்மாவின் கை பட்ட இருபது பொருளைப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி: எங்கே வாங்கியது, எங்கே வைப்பார், எதற்கு எடுப்பார், இப்போது யாரிடம் இருக்கிறது. குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைக்க எந்தத் துணி, சாம்பலா திருநீறா, திரியை எந்தக் கத்திரியால் வெட்டுவார் என்று எழுதும்போதே அவர் அந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கண்ணாடி துடைக்கிற கை கிடையாது. பழைய அம்மாவை அழைக்க இதுதான் குறுக்குவழி.

வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. அதற்கு ஒரு தாளில் கோடு போட்டு ஊரறிந்த நிகழ்ச்சிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1964 தனுஷ்கோடிப் புயல், 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது, 1987-இல் எம்.ஜி.ஆர். இறந்தது, 1992 வெள்ளம், 2019-இல் தென்காசி பிரிந்தது, 2023 டிசம்பர் வெள்ளம். ‘குழு ஆரம்பிச்சது எந்த வருஷம்?’ என்றால் முழிப்பார்கள். ‘வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா?’ என்றால் பதில் வரும். கல்யாணம், மூன்று பிரசவம், மாற்றல், ஓய்வு எல்லாம் அந்தக் கோட்டில் தானாக உட்காரும்.

இனி அப்பா. மலரின் பெரிய புதையல் அவர்தான், அவரைத்தான் நீங்கள் தவறாகக் கேட்கிறீர்கள்.

முதலில் காது. வயதினால் வரும் மந்தத்தில் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்து கேட்கும், சகரமும் தகரமும் கேட்காது. யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. பெண் குரல் இன்னும் சிரமம். கத்தினால் இன்னும் குழம்பும். மூன்றடி தூரத்தில், அவர் முகத்துக்கு நேராக, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. டிவியும் மின்விசிறியும் நிறுத்தம். குரலைத் தாழ்த்தி, நிதானமாக. புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தையே திரும்பச் சொல்லாமல் வார்த்தையை மாற்றுங்கள். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நிமிஷ வேலையில் பாதி மந்தம் போய்விடுகிற காதுகளும் உண்டு.

நேரம் காலை பத்து மணி, பலகாரம் முடிந்த பிறகு. நாற்பது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், வாரம் இரண்டு தடவை போதும். சாயங்காலம் வைத்தால் களைப்பில் சிடுசிடுப்புத்தான் மிஞ்சும். செல்போனில் பதிவு போடுங்கள். அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றி, மடித்த துண்டின் மேல் ஓரடி தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். ஒரு நிமிஷம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அம்மாவில் ஆரம்பிக்காதீர்கள். அவருடைய இளமையில் ஆரம்பியுங்கள். முதியவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் அடர்த்தியாக நினைவிருக்கும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அவரிடம் தொண்ணூறுகளைக் கேட்டால் வறட்சி, அறுபதுகளைக் கேட்டால் ஆற்றில் தண்ணீர் வரும். பெண் பார்க்க எந்த பஸ்ஸில் போனார், யார் கூட வந்தார்கள், என்ன பலகாரம் கொடுத்தார்கள். அங்கிருந்து அம்மா தானாக வருவார். முதுமையில் பழையதைத் திரும்பிப் பார்ப்பது பிதற்றல் இல்லை, வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கிற வேலை என்று அமெரிக்க முதியோர் மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே எழுதினார். ‘கிண்டுத’ என்று அப்பா சொல்வதில் அந்தக் கணக்கைப் பற்றிய பயமும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவரை இழந்தது அவரும்தான். உங்கள் துயரம் ஒரு வருஷமாக வீட்டில் பேசப்படுகிறது. அவருடையது டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

‘ஏன்’ என்று கேட்காதீர்கள். அது விசாரணை. எங்கே, எப்போ, யாரு, கையில என்ன என்று கேளுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“அப்பா, ராத்திரி வகுப்புக்குப் போகையில அம்மா கையில என்ன இருக்கும்?”
“லைட்டு.”
“பெட்ரோமாக்ஸா?”
“அதுக்கு மண்ணெண்ணெய் யாரு கொடுப்பா? அரிக்கேன்தான்.”

இந்த இடத்தில் நிறுத்தி, மண்ணெண்ணெய் பக்கம் போங்கள். ரேஷனில் எத்தனை லிட்டர், வீட்டு அடுப்புக்கு எவ்வளவு, வகுப்புக்கு எவ்வளவு, மாசக் கடைசியில் என்ன செய்தார்கள். ஊர்ப்பணி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு வீட்டுக்குள் எப்படி நடந்தது என்பது இந்த மாதிரிக் கணக்கில்தான் இருக்கிறது.

கூட ஒரு பேரனையோ பேத்தியையோ உட்கார வையுங்கள். வில்லுப்பாட்டு தெரிந்த வீடு உங்களுடையது. எதிர்ப்பக்கம் ‘ஆமா’ போட ஆள் இல்லாவிட்டால் கதை நகராது அல்லவா? உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களிடமே சொல்ல அவருக்குச் சலிப்பு வரும். தெரியாத பிள்ளை வாயைப் பிளந்து கேட்டால் சொல்வார்.

அழுதால் அழட்டும். பதறி ‘விடுங்கப்பா’ என்று மூடாதீர்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள், தண்ணீர் கொடுங்கள், காத்திருங்கள். அநேகமாக அடுத்த வாக்கியம்தான் முக்கியமானதாக இருக்கும். ஒரே வேதனையில் சுற்றிச் சுற்றி வந்தாலோ, அன்றிரவு தூக்கம் கெட்டாலோ, அடுத்த முறை மாட்டு வண்டி, சினிமாக் கொட்டகை என்று இலேசான பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவரே போதும் என்றால் போதும்.

அம்மாவிடம் எழுத்துப் படித்த பெண்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும். அவர்களைப் பார்க்கப் போகும்போது சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நிற்காதீர்கள். மடியில் தட்டு இருக்கும் நேரமே நல்லது. இலையும் தூளும் நூலுமாகக் கை ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் தாராளமாக இருக்கும். கையை நிறுத்தச் சொல்லி எதிரே போனை நீட்டினால் மேடைப் பேச்சு வந்துவிடும். ‘டீச்சர் தெய்வம்’ என்று தொடங்குவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ‘முதல்ல எழுதின எழுத்து எது? எதுல எழுதுனிய? யாரு பக்கத்துல இருந்தா?’ என்று கேளுங்கள். கடைசியில் அவர்கள் கைப்பட ஒரு வரி எழுதித் தரச் சொல்லி, அதை அப்படியே மலரில் படமாகப் போடுங்கள். அண்ணன் அனுப்பிய கேடயப் படத்தைவிட அது பெரிய சான்றிதழ். ஒரு எச்சரிக்கை. தொடர்ந்து படிக்க வாய்ப்பில்லாமல் எழுத்து மறந்துபோனவர்களும் இருப்பார்கள். அந்த வகுப்புகள் நின்ற பிறகு பல ஊர்களில் நடந்தது அது. அவர்களை எழுதச் சொல்லிக் கூசவைக்காதீர்கள். கையெழுத்து போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. பெயரும் படமும் அச்சில் வருவதற்கு ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள்.

குழுவில் இருந்த ஐந்து பேரில் மிச்சம் இருப்பவர்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம். இரண்டு பேரையாவது சேர்த்து உட்கார வையுங்கள். அம்மாவின் நோட்டில் பாட்டு இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சொல்கிற வசனமும் கேலியும் நோட்டில் இருக்காது, ஏனென்றால் அது மேடையிலேயே பிறப்பது. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தால்தான் திரும்ப வரும். வீசுகோல் யார் கையில், குடம் யார் அடித்தது, பாளை மட்டை யார் வெட்டிக் கொடுத்தது, உடுக்கைக்கு ஆள் வராத நாளில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கொடையில் ஆண்கள் அடித்துப் பார்த்த வில்லின் முன்னால் ஆசிரியை ஒருத்தி போய் உட்கார்ந்த முதல் நாள் ஊர் என்ன பேசியது என்பதையும் கேளுங்கள். அது இனிப்பாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

கேசட்டுக்கு வருவோம். பதிவை மாற்றுகிற வேலை வேறு, கேட்கிற வேலை வேறு. முதல் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். அண்ணன் மகனோ அக்கா மகனோ செய்யட்டும். இதை அவனிடம் காட்டுங்கள்:

டப்பாவிலிருந்து எடுத்ததும் பிளேயரில் போடாதே. கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அது உடையாமல் இருந்தால் உடைத்துவிடு. தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் ஆச்சி குரல் அழியாது. ஜன்னல் வழியாகப் பார். நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதைத் தனியே வை, மற்ற கேசட்டுகள் ஓடுகிற கருவியில் போடாதே, தொற்றிக்கொள்ளும். அடிவாயில் நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்க வேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி மங்கும். மூலைகளில் திருகாணி இருக்கிற கூடு என்றால் நாடாவை எடுத்து வேறு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டிய கூடு என்றால் தெரிந்தவரிடம் கொடு. வருஷக்கணக்கில் அசையாத நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பென்சிலை விட்டு மெதுவாக நாலு சுற்று சுற்றி இளக்கிவிட்டு, கடைசிவரை ஒருமுறை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றிய பிறகுதான் ஒலிக்கவிடு. பிளேயரின் உலோகத் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடை. பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடை.

முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துவிடு, இரண்டாவது ஓட்டத்தை நம்பாதே. ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கம்பி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், சாம்பிள் ரேட் 44,100, வேவ் கோப்பு. அளவுமானி சிவப்பைத் தொடக்கூடாது. அறுபது நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி, தொண்ணூறு என்றால் முக்கால் மணி. வேகமாக ஓட்டிப் பதிய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்பி ஆகும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கைவைக்காதே. அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தமும் அந்த வீட்டுச் சத்தம்தான். மூன்று இடத்தில் பிரதி வை. வாட்ஸப்புக்குச் சின்னக் கோப்பு தனியாக எடுத்துக்கொள்.

கேட்பது எப்படி என்பது உங்களுக்கு. முதல் நாள் மூன்று நிமிஷம். பகலில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, ஐந்து பேரும் சேர்ந்து பாடுகிற இடமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். தனியே, இரவில், காதில் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள். நீங்கள் எதிர்பார்ப்பது படுக்கைக் குரலை. வரப்போவது ஐம்பது வயதுப் பெண்ணின் குரல், உங்கள் இன்றைய வயதை ஒட்டிய குரல். அந்த அதிர்ச்சி நல்லதுதான். இருமலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் வந்து நிற்கும். எல்லோருக்கும் முதல் தடவையே அப்படி நடந்துவிடாது. நெஞ்சு அடைத்தால் நிறுத்திவிட்டு வாரம் கழித்துப் பாருங்கள். கேட்கவே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் தப்பில்லை. கோப்பு இருக்கிறது.

கணக்குப் பரீட்சை இரவு.

செத்தவரைக் கோபிக்கலாம். கோபம் பாசத்தின் கணக்கில் பற்று எழுதுவதில்லை. இதற்கு ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் எண்பதுகளில் சோதித்துப் பார்த்த முறை ஒன்று உண்டு. தொடர்ந்து நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், பிழை பார்க்காமல், அடிக்காமல், கைப்பட எழுதுவது. ‘அம்மா’ என்று விளித்தே எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழித்துப் போட்டுவிடலாம். எழுதி முடித்ததும் சிறிது நேரத்துக்கு மனம் இன்னும் இறங்கும், அது எதிர்பார்க்க வேண்டியதே. அதனால் படுக்கப் போகும் முன் எழுதாதீர்கள். பகலில் எழுதிவிட்டு வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது என்று கைவேலைக்குப் போய்விடுங்கள். இரண்டாம் நாளும் நாளெல்லாம் கலங்கியே கிடந்தால் நிறுத்திவிடுங்கள்.

நாலாவது நாளுக்குப் பிறகு அந்த இரவைப் பற்றி அப்பாவிடமும் அக்காவிடமும் தகவல் மட்டும் கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தாள், எதில் வந்தாள், வந்ததும் என்ன செய்தாள். அம்மாவைக் காப்பாற்றுகிற பதில் வரும் என்று சொல்ல மாட்டேன். வராமலும் போகலாம். பதினைந்து வயதுப் பெண் பார்த்தது அவள் பார்த்த அளவுக்கு உண்மை. அதன் பக்கத்தில் வேறு ஆட்கள் பார்த்ததும் வந்து உட்காரும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அம்மா ராத்திரி ஏழு மணிக்கு விளக்கோடு இறங்கிப் போக முடிந்தது, அக்கா சோறு பொங்கியதால். அப்பா வீட்டில் இருந்ததால். நீங்கள் தனியே கணக்குப் போட்டதால். ஊருக்குப் போன நேரம் ஒரு வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த நேரம். நீங்கள் இத்தனை வருஷம் சுமப்பதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது வரவு வைக்கப்படாத உங்கள் பங்கு என்று படுகிறது. மலரில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வகுப்பு நடந்த இரவுகளில் வீட்டில் யார் சமைத்தது, பெரியவர்களுக்கு யார் மருந்து கொடுத்தது என்று பெயரோடு, வேலையோடு. புகார்த் தொனி வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம். வேலைப் பட்டியலாகவே இருக்கட்டும். அக்கா இதைப் படித்தால் ஆஸ்பத்திரி வார்த்தை வரக்கூடாது என்ற பிடிவாதம் கொஞ்சம் தளரும் என்று நினைக்கிறேன். இதுவரை அவர் பொங்கிய சோற்றை யாரும் எழுதவில்லை.

மூவரும் ஒத்துப்போய் ஒரே குரலில் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? ஆளுக்கு நாலு பக்கம், அவரவர் பெயர் போட்டு. அண்ணன் பக்கத்தில் கேடயம் இருக்கட்டும். ஒருவர் எழுதியதில் இன்னொருவர் தேதி, பெயர், ஊர் திருத்தலாம், கருத்தைத் திருத்தக் கூடாது. நோயை அடியோடு மறைத்தால் கடைசி நாலு மாதம் கண்விழித்த உங்களையும் மறைத்ததாகும். இரண்டு வரி போதும். குழாயும் புண்ணும் அந்தத் தனி நோட்டிலேயே இருக்கட்டும்.

அச்சு வேலை சுருக்கமாக. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 32 பக்கம் அளவாக இருக்கும், படம் போக எழுத்துக்கு இருபது பக்கம், பக்கத்துக்கு இருநூறு வார்த்தை என்று வைத்தால் எல்லோருமாகச் சேர்ந்து நாலாயிரம் வார்த்தை. பழைய படங்களை லேமினேஷன் செய்யாதீர்கள், திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ. நோட்டுப் பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பிளாஷ் போட்டால் மங்கிய மை இன்னும் மங்கலாகத் தெரியும். ஐப்பசிக்குப் பிறகு அச்சகங்கள் காலண்டர் வேலையில் மூழ்கிவிடும். திதிக்கு ஒரு மாதம் முன்னால் கோப்பைக் கொடுங்கள். மெய்ப்பை உங்களுக்குப் பதில் இந்தக் கதை தெரியாத ஒருவர் பார்க்கட்டும். அழுகிற கண்ணுக்கு ஒற்றுப்பிழை தெரியாது.

திதியன்று எல்லோர் முன்னாலும் கேசட்டைப் போட்டு அப்பாவை ஆச்சரியப்படுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அதற்கு முன்பே ஒரு காலையில், வீட்டில் ஆள் குறைவான நேரத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நல்ல ஸ்பீக்கரில், கூர்மையான ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்து, அவருக்குப் பக்கத்தில் போடுங்கள். பாதியில் எழுந்து திண்ணைக்குப் போனால் போகட்டும். பாட்டை நிறுத்தாதீர்கள், சத்தத்தை மட்டும் திண்ணைக்குக் கேட்கிற அளவுக்கு வையுங்கள்.